மென்பொருள் எழுதியவரை அணுகவும்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குக் கௌரவமாக இருக்காது. நான் எழுதிய முதல் புரோகிராமை ஒரு லாட்ஜுக்குக் கொண்டுபோன அன்று, நான் புரோகிராமைக் கொண்டுபோகவில்லை. டெஸ்க்டாப்பில் இருந்த அதன் ஐகானை மட்டும் பென்டிரைவில் காப்பி செய்துகொண்டு போனேன். ஐகான் என்பது வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி. பலகையைக் கழற்றிக்கொண்டு போய் வேறு தெருவில் மாட்டிவிட்டு, வீட்டைக் காணோமே என்று தேடிய ஆள் நான். பத்து நிமிடம் கிளிக் செய்து பார்த்துவிட்டு, லாட்ஜ் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது என்று கம்பீரமாக அறிவித்தேன். அவர்கள் பயந்துபோய் இரண்டு நாள் அதன் பக்கமே போகவில்லை. லாட்ஜ் வாட்ச்மேன் மட்டும் முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு அதன் மேல் தூசி தட்டினாராம்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவசாலி ஒருவர் நாலு வார்த்தை எழுதித் தரட்டும் என்று உங்கள் மேனேஜர் முடிவு செய்து பிடித்து வந்திருப்பது இந்த ஆளைத்தான். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடைக்கு மேல் மாடி அறையில் உட்கார்ந்து, லாட்ஜுக்கும் அரிசி ஆலைக்கும் ஸ்கேன் சென்டருக்கும் புரோகிராம் எழுதிப் பிழைத்தவன் நான். கீழே வெளிநாட்டுக்காரர்கள் தங்களைத் தாங்களே தேடி வந்து உட்கார்ந்திருப்பார்கள். மேலே நான் விட்டுப்போன ஓர் அரைப்புள்ளியைத் தேடிக்கொண்டிருப்பேன். அவர்களில் சிலராவது தேடியதைக் கண்டுபிடித்தார்கள் என்று கேள்வி. பிறகு என் முதுகும் கண்ணும் சேர்ந்து பேசி முடிவெடுத்து எனக்கு ஓய்வு கொடுத்தன.

நம் தொழிலில் எழுதுவது பெரிய விஷயமில்லை. எழுதியதைக் கட்டி முடித்து ஒரே கோப்பாக்கி, அடுத்தவர் கம்ப்யூட்டரில் கொண்டுபோய் வைத்து, அங்கே அது கண் விழிக்கிறதா என்று பார்ப்பதில்தான் நம் யோக்கியதை தெரியும். என் யோக்கியதை கீழ்பென்னாத்தூரில் ஒரு மண்டியில் தெரிந்தது. அதைச் சொல்கிறேன்.

அது மல்லாட்டை மண்டி. உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. விவசாயிகள் மூட்டைகளைக் கொண்டுவந்து மண்டி வாசலில் இறக்குவார்கள். எண்ணெய் மில்காரர்கள் வந்து பார்த்து விலை பேசுவார்கள். மண்டிக்கு ஒரு விதி உண்டு. மூட்டையை எடை போட்டு, சீட்டுப் போட்டு, சீட்டு நம்பரை மூட்டையில் எழுதிய பிறகுதான் குடோனுக்குள் எடுத்துவைப்பார்கள். நம்பர் இல்லாமல் உள்ளே வைத்தால் யாருடைய மூட்டை எது என்று சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டை வந்துவிடும். இந்தச் சீட்டைப் பல வருடமாகக் கையால் எழுதி வந்தவர் சுமதி. முப்பது வயதிருக்கும். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், வேகமாக எழுதுவார், கம்மியாகப் பேசுவார். அந்தக் கையெழுத்துக்குப் பதிலாகச் சீட்டை அச்சடித்துத் தருவதுதான் என் புரோகிராமின் வேலை.

திறப்பு நாளுக்கு ஒரு வாரம் முன்பு என் லேப்டாப்பை எடுத்துப்போய் முதலாளிக்குப் போட்டுக் காட்டினேன். சீட்டு அழகாக வந்தது. முதலாளி அசந்துபோனார். அவர் அசந்ததைப் பார்த்து நான் இன்னும் அசந்துபோய், "இனிமே இந்தச் சீட்டு புக்கெல்லாம் எதுக்குங்க? தூக்கிப் போடுங்க" என்றேன். அவர் என் பேச்சைக் கேட்டு, கை படாத சீட்டுப் புத்தகங்களைக் கட்டாக எதிர் டீக்கடைக்குக் கொடுத்துவிட்டார். ஒரு விஷயத்தை நன்றாகப் பாருங்கள். அன்று ஓடியது என் லேப்டாப்பில். மண்டியின் கம்ப்யூட்டரை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அது மூலையில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

திறப்பு நாளுக்கு முதலாளி காலண்டரைப் பார்த்து நேரம் குறித்தார். மதியம் ஒன்றே முக்கால். முதல் எடை கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும் என்பதால் காலையிலிருந்து வந்த எந்த மூட்டைக்கும் எடை போடவில்லை. சித்திரை வெயிலில் மூட்டைகள் வாசல் முழுக்கக் காத்திருந்தன. நான் லேப்டாப்பை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். பெரிய டாக்டர்கள் கையை வீசிக்கொண்டு வருவதில்லையா, அந்த மாதிரி ஒரு தோரணைக்கு ஆசைப்பட்டேன். சட்டைப் பையில் ஒரு பென்டிரைவ், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். சிபியூவில் வைத்த சந்தனம் பென்டிரைவ் சொருகும் ஓட்டையில் நிறைந்திருந்தது. அதைத் துடைக்கக் கூடாது என்றார் முதலாளி. நல்லவேளை, பின்பக்கம் இன்னொரு ஓட்டை இருந்தது, அங்கே பக்தி எட்டவில்லை. மேஜையின் நான்கு கால்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். மேஜை நகரப்போவதில்லையே என்று கேட்டேன். "வியாபாரம் நகரணும் இல்ல சார்" என்றார்.

முதல் சீட்டுக்கு முதலாளி தேர்ந்தெடுத்தது பச்சையம்மாளை. பக்கத்து கிராமத்துக்காரர், கணவர் இல்லை, ஒற்றை ஆளாகப் பயிர் வைத்து, பதினோரு மூட்டையோடு காலையில் முதல் ஆளாக வந்தவர். அவர் மூட்டைகளைத் தராசுக்குப் பக்கத்தில் திறந்த வெளியில் வரிசையாக வைத்து, மில்காரர்கள் பார்ப்பதற்காக ஒவ்வொன்றின் வாயையும் பிரித்து, முன்னால் இருந்த மூட்டைக்கு மாலையும் போட்டார்கள்.

"மாலையெல்லாம் எதுக்குங்க? எட போட்டு உள்ள வெய்ங்க. வானம் ஒரு மாரி கீது" என்றார் பச்சையம்மாள்.

"மொத சீட்டு ஒன் பேர்லதான் வரணும் பச்சையம்மா. உனுக்குக் கைராசி ஜாஸ்தி" என்றார் முதலாளி.

கற்பூரம் காட்டினார்கள். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மவுஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இரண்டு தரம் அமுக்கினார். திரையில் ஒரு கட்டம் வந்தது. தமிழில் ஏதோ வந்துவிட்டது என்று எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்து மண்டிக்காரர் முதலாளிக்குக் கை கொடுத்தார். கைதட்டல் ஓய்ந்த பிறகு முதலாளி அதை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

"தவறு ஏற்பட்டுள்ளது. மென்பொருள் எழுதியவரை அணுகவும்."

படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அணுகிட்டேன் சார். சொல்லுங்க."

அந்த வாசகத்தை நான்தான் எழுதினேன். எழுதும்போது என் கற்பனையில் நான் மாடியறையில் ஃபேனுக்குக் கீழே இருந்தேன். யாரோ எங்கேயோ அணுகுவதற்காகப் போன் தேடிக்கொண்டிருந்தார்கள். அதே கட்டத்துக்கு முன்னால் நானே நிற்பேன் என்று யார் கண்டது? என்ன தவறு, எந்தக் கோப்பைக் காணவில்லை, எங்கே தேடிப் பார்த்தது, ஒன்றையும் அது சொல்லவில்லை. எழுதியவரை அணுகவும். எழுதியவருக்கோ ஒன்றும் தெரியவில்லை. உங்கள் புரோகிராம் படுக்கும்போது எதனால் படுத்தது என்பதையாவது சொல்லிவிட்டுப் படுக்கும்படி எழுதுங்கள். அதைப் படிக்கப்போகிற அப்பாவி பெரும்பாலும் நீங்கள்தான்.

"அஞ்சு நிமிஷம்" என்றேன்.

தம்பி தங்கைகளே, இந்தத் தொழிலில் சொல்லப்படும் பொய்களில் இது மிகவும் பிரபலமானது. சொல்கிறவனும் நம்பிவிடுவான் என்பதுதான் இதில் ஆபத்து. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பென்டிரைவைப் பிடுங்கிச் சொருகினேன். கோப்பை மறுபடி காப்பி செய்தேன். இதில் எதற்கும் எந்த அர்த்தமும் இல்லை. ஆனால் சும்மா நிற்பதைவிட மரியாதையாக இருந்தது. ஒவ்வொரு தரமும் அதே கட்டம் வந்து, என்னை அணுகும்படி என்னிடமே சொன்னது.

இருபது நிமிடம் போயிருக்கும். சுமதி என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "சார், டீக்கடையில பஜ்ஜி கட்டினது போக ரெண்டு புக்கு மிச்சம் இருந்துச்சு. வாங்கினு வந்துட்டேன். இன்னிக்கு ஒருநாள் கையால போட்டுடட்டுமா? மலைப் பக்கம் கறுத்துனு வருது."

இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்தி வைத்துப் பேச விரும்புகிறேன். சுமதி சொன்னதில் ஒரு குறையும் கிடையாது. வேலை நடக்க வழி இருந்தது, புத்தகம் இருந்தது, எழுதுகிறவர் இருந்தார். நான் சரி என்று சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் பச்சையம்மாளின் மூட்டைகள் குடோனுக்குள் போயிருக்கும். என் கம்ப்யூட்டர் வித்தை சாயங்காலம் வரை படுத்துக் கிடந்திருந்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் பக்கத்து மண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். மில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டியிருந்த மாலைகூட என்னைப் பார்ப்பது போல இருந்தது.

"கையால பாதி, கம்ப்யூட்டர்ல பாதி போட்டா நம்பர் குழம்பிடும்மா. டேட்டா கெட்டுப்போயிடும்" என்றேன்.

அதில் எனக்கே அர்த்தம் தெரியாது. இருந்ததே ஒன்றுமில்லை, எது கெட்டுப்போகும்? ஆனால் முதலாளி தலையாட்டினார். "சார் சொல்றாரு இல்ல சுமதி, படிச்சவரு. இரு" என்றார். சுமதி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புரியாத வார்த்தை ஒன்றைப் போட்டு ஆளை அடக்கும் வசதி நம் தொழிலில் ஜாஸ்தி. அந்த வசதியை நீங்கள் உபயோகிக்கும் ஒவ்வொரு தரமும் யாருடைய மூட்டையோ வெளியே கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவியிடம் லேப்டாப்பில் அதே புரோகிராமைத் திறக்கச் சொன்னேன்.

"திறந்துட்டேன். இங்க நல்லாத்தான் வேலை செய்யுது" என்றாள்.

நான் வாடிக்கையாளர்களிடம் பல வருடமாகச் சொல்லி வந்த வாக்கியம். இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"இங்க வேலை செய்யலம்மா."

"இருங்க. கீழ சின்ன எழுத்துல ஏதோ போட்டிருக்குது. டி, கடைசி, கடைசி புதுசு, இதுதான் கடைசின்னு. இன்னாங்க இது?"

அது என் ஃபோல்டர்களின் பெயர். டி டிரைவில் 'கடைசி', அதற்குள் 'கடைசி புதுசு', அதற்குள் 'இதுதான் கடைசி'. விவசாயிகள் பெயரெல்லாம் இருக்கும் கோப்பு அதற்குள் இருந்தது. புரோகிராம் எங்கே போனாலும் அந்த இடத்தில்தான் போய்த் தேட வேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்தேன்.

"அந்த ஊர் கம்ப்யூட்டர்ல டி இருக்குதா?" என்று கேட்டாள் என் மனைவி. அவள் படித்தது வரலாறு.

டி இல்லை. சி மட்டும்தான். என் புரோகிராம் பாவம், கீழ்பென்னாத்தூரில் இறங்கி, திருவண்ணாமலையில் என் மேஜை மேல் இருக்கும் பெட்டிக்குள் கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. நான் மூட்டை கட்டும்போது புரோகிராமை மட்டும் கட்டினேன். அது எதையெல்லாம் நம்பிப் பிழைக்கிறது என்று பார்க்கவில்லை.

இப்போது வழி தெரிந்துவிட்டது. மனைவி அந்தக் கோப்பை மெயிலில் அனுப்ப வேண்டும், நான் பென்டிரைவுக்கு டி என்று பெயர் மாற்றி, அதே ஃபோல்டர்களை அதே வரிசையில் உண்டாக்கி உள்ளே வைக்க வேண்டும். "அஞ்சு நிமிஷம்!" என்று கத்தினேன். இந்தத் தரம் உண்மையிலேயே நம்பிக் கத்தினேன்.

காற்று எழுந்தது. வாசலில் சருகும் புழுதியும் சுழன்றன. வெளியிலிருந்து ஒரு குரல், "யோவ் கம்ப்யூட்டரு, வருதா இல்லியா?" என்றது. "வருது, வருது" என்றேன். வந்துகொண்டிருந்தது மழை. பச்சையம்மாள் ஜன்னலருகே வந்து நின்றார்.

"தம்பி, மூட்ட வாயெல்லாம் தெறந்து கெடக்குது. உள்ள எடுத்துனு போயிடட்டுமா?"

"முடிஞ்சுடுச்சும்மா, ஒங்க சீட்டுதான் முதல்ல வரப்போவுது" என்றேன், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவர் என்னை நம்பினார். நான் வேறு என்ன சொல்வது, அவர் நம்பினார். போய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

கோப்பு வந்தது. வைத்தேன். புரோகிராம் திறந்தது. சரிபார்க்க முதலில் என் பெயரையே போட்டு, ஒரு மூட்டை என்று அடித்தேன். பிரிண்டர் முனகி, பளிச்சென்று ஒரு சீட்டைத் தள்ளியது. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து முதலாளியிடம் காட்டினேன். அந்த நொடி இடி இறங்கியது. காற்றடித்தால் எங்கள் பக்கம் முதலில் போகிற பொருள் கரண்ட், அது போயிற்று. திரை கறுத்தது. அந்தச் சரித்திர நாளில் அந்த மண்டியில் அச்சான ஒரே சீட்டு, ஒரு மல்லாட்டைக்கும் சொந்தமில்லாத என் பெயரில்.

மழை தூறி ஆரம்பிக்கவில்லை. ஒரேயடியாகக் கொட்டியது. முதலாளி, "நம்பர் போடாம எப்படி உள்ள வெக்கறது?" என்று கையைப் பிசைந்தார். சுமதி எழுந்து வாசலுக்கு வந்து கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

"நம்பரு கெடக்கட்டும்! அவங்கவங்க துண்டக் கிழிச்சி அவங்கவங்க மூட்டையில கட்டுங்க! கட்டிட்டு உள்ள தூக்குங்க!"

முடிந்தது. நான் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிய பிரச்சினை துண்டில் தீர்ந்தது. ஆண்கள் துண்டைக் கிழித்துக் கட்டி மூட்டைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். மூலையில் இருந்த மூட்டைகள், மரத்தடி மூட்டைகள், வண்டியில் இருந்தவை எல்லாம் உள்ளே போயின. வாய் கட்டியிருந்தவை லேசாக நனைந்ததோடு தப்பின. நானும் போய் ஒரு மூட்டையைத் தூக்கப் பார்த்தேன். அது அசையவில்லை. என்னைத் தள்ளிவிட்டு வேறொருவர் தூக்கினார்.

தராசுக்குப் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் முன்னால், வாய் பிரித்து மாலை போட்டுக் கிடந்த பதினோரு மூட்டைகள்தான் தப்பவில்லை. பச்சையம்மாள் புடவைத் தலைப்பால் ஒன்றை மூடினார். இன்னொன்றின் மேல் குப்புறச் சாய்ந்துகொண்டார். ஆட்கள் அவரிடம் வந்து சேர்வதற்குள் மூட்டைகளுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மில்காரர் ஒருவர் குடோன் வாசலில் நின்று, ஒரு பிடி காயை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். நனைந்த காயை உடனே உலர்த்தாவிட்டால் கறுத்துப்போகும். பிறகு எவரும் தொடமாட்டார்கள். நாலு மாதப் பயிர்.

நான் அன்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போய் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? வெட்கப்பட்டேனா? புரோகிராமைத் திருத்தினேன். எந்த டிரைவில் வைத்தாலும் தனக்குப் பக்கத்திலேயே கோப்பைத் தேடிக்கொள்ளும்படி மாற்றினேன். பக்கத்து ஜெராக்ஸ் கடையின் கிழட்டுக் கம்ப்யூட்டரில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தேன். ஜோராக ஓடியது. ஒரு வாரம் முன்பு செய்திருக்க வேண்டிய வேலை, மொத்தம் அரைமணி நேரம்தான் பிடித்தது. நீங்கள் எழுதியது எதுவானாலும், அதைப் பிறந்த வீட்டிலிருந்து கிளப்பி, முன்பின் தெரியாத ஒரு கம்ப்யூட்டரில் ஒருநாளாவது குடிவைத்துப் பாருங்கள். அங்கே படுத்துவிட்டால், "வேலை செய்யவில்லை" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். இரண்டே வார்த்தை. அதை நான் ஒன்றே முக்காலுக்குச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில், திருத்திய புரோகிராமோடு வெற்றி வீரனைப் போல மண்டிக்குள் நுழைந்தேன். வானம் வெளுத்திருந்தது. சுமதி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி பண்ணிட்டேம்மா. இனிமே எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டாலும் ஓடும்" என்றேன்.

"அது ஓடட்டும் சார். அந்தம்மா பின்னாடி களத்துல தனியா காயப் போட்டுனு இருக்காங்க" என்றார் சுமதி. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பின்பக்கம் சிமெண்டுக் களத்தில் பதினோரு மூட்டைக் காயும் பரப்பிக் கிடந்தது. பச்சையம்மாள் ஒரு மரப்பலகையால் ஓரத்திலிருந்து தள்ளிப் பரப்பிக்கொண்டே வந்தார். ராத்திரி தூங்கியிருப்பார் என்று தோன்றவில்லை. என்னைப் பார்த்தார், வேலையை நிறுத்தவில்லை. நான் ஷூவைக் கழற்றி, பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக் களத்தில் இறங்கினேன். பென்டிரைவ் பையில் இருந்தது. அதை வைத்து அங்கே செய்ய ஒன்றுமில்லை. காலால் துழாவிக் காயைப் புரட்ட ஆரம்பித்தேன். அரைமணியில் இடுப்பு விட்டுப்போயிற்று. சில காய்கள் முனையில் கறுக்கத் தொடங்கியிருந்தன. அவற்றை அவர் தனியாகப் பொறுக்கி ஒரு முறத்தில் போட்டார். நானும் பொறுக்கினேன். நான் பொறுக்கியதில் பாதி நல்ல காய் என்று அவர் திரும்ப எடுத்துக் களத்தில் வீசினார்.

வெயில் ஏறியது. வெளியே தராசுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சுமதி கையால்தான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, பெயரையும் எடையையும் சொல்லிச் சொல்லி எழுதும் குரல் கேட்டது. பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் எழுதித் திருத்தி வைத்திருந்த பேச்சு ஒன்று என்னிடம் இருந்தது. கடைசியில் தைரியம் வந்து, நிமிர்ந்து நின்று, கையைக் கூப்பிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அம்மா, நேத்து நீங்க வந்து கேட்டப்பவே நான் சரின்னு சொல்லியிருக்கணும். என் கவுரவத்துக்காக ஒங்க வெள்ளாமைய நனைய விட்டுட்டேன். தப்பு முழுக்க என்னோடதுதான். என்னை மன்னிச்சிடுங்க."

பச்சையம்மாள் பலகையை ஊன்றிக்கொண்டு ஒரு தரம் வானத்தைப் பார்த்தார், பிறகு என் காலடியைப் பார்த்தார்.

"மன்னிப்பு கெடக்கட்டும், அந்தாண்ட பக்கம் பொரட்டுப்பா."